தொலைநோக்கி தடம் மாறுகிறதா? பினாங்கு வானத்துக்கேற்பக் கணினி வழிகாட்டியைச் சரிசெய்வது எப்படி?

சுங்கை பினாங்: கணினி வழிகாட்டியுடன் கூடிய தொலைநோக்கியை வாங்கும் குடும்பத்தின் எதிர்பார்ப்பு எளிமையானது. பட்டியலில் சனிக் கிரகத்தைத் தேர்ந்தெடுத்தால் சனி தெரிய வேண்டும். முதல் இரவில் வெறும் கருவானம் தெரிந்தால் பிள்ளைகளின் ஆர்வம் பாதியாகிவிடும். இரண்டாம் முறையும் அப்படியே என்றால், பல நூறு ரிங்கிட் கொடுத்து வாங்கிய கருவி பெட்டிக்குள் போய், அலமாரியின் மேல் ஏறிவிடும்.

இப்படி ஒதுக்கப்படும் கருவிகளில் பலவற்றுக்குப் பழுது எதுவும் இருப்பதில்லை. கருவிக்கு நாம் சொல்லும் இடமோ நேரமோ அடையாள நட்சத்திரமோ தவறாக இருக்கும். கருவியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் வட அமெரிக்க, ஐரோப்பிய வாசகர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கும் நமக்கு அவற்றின் சில அறிவுரைகள் பொருந்தா. பினாங்கிலிருந்து வானம் பார்ப்போருக்கான வழிமுறைகளை இங்கே தொகுத்துள்ளோம்.

மூன்று வகைக் கருவிகள்

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். தீர்வு அதைப் பொறுத்தே அமையும்.

முதல் வகை, மோட்டார் பொருத்தியது. 'கோ-டூ' என்று அழைக்கப்படும். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் நெக்ஸ்டார், ஸ்கை-வாட்சர் நிறுவனத்தின் சின்ஸ்கேன் ஆகியவை இந்த வகை. கைக்கருவியில் பெயரைத் தேர்ந்தெடுத்தால் தொலைநோக்கி தானே திரும்பும்.

இரண்டாம் வகை, 'புஷ்-டூ'. இதில் மோட்டார் கிடையாது. இரு அச்சுகளிலும் 'என்கோடர்' என்ற சுழற்சி எண்ணிகள் இருக்கும். எவ்வளவு தள்ள வேண்டும் என்று திரையில் எண் தெரியும். அது பூச்சியமாகும் வரை கையால் தள்ள வேண்டும். ஒரு முழுச் சுற்றை 8,192 படிகளாக எண்ணும் என்கோடரில் ஒரு படி என்பது சுமார் 2.6 கலை. முழு நிலவின் அகலம் சுமார் 30 கலை. எனவே ஒரு பொருளைத் தேடிப் பிடிக்க இந்தத் துல்லியம் தாராளமாகப் போதும்.

மூன்றாம் வகை, கைப்பேசிக் கேமரா வழி இயங்குவது. செலஸ்ட்ரான் 2020இல் அறிமுகப்படுத்திய ஸ்டார்சென்ஸ் எக்ஸ்ப்ளோரர் இதற்கு உதாரணம். தாங்கியில் வைத்த கைப்பேசி ஒரு சிறு கண்ணாடி வழியாக வானத்தைப் படம் எடுக்கும். படத்தில் உள்ள நட்சத்திரங்களின் அமைப்பைச் செயலி தன் வரைபடத்தோடு ஒப்பிட்டு, தொலைநோக்கி எங்கே பார்க்கிறது என்று கண்டறியும். கேமராவைப் பயன்படுத்தாமல் கைப்பேசியின் திசைகாட்டி உணரியை மட்டும் நம்பும் செயலிகளும் உண்டு. இரும்பு, ஒலிபெருக்கி, காந்த மூடி ஆகியவற்றின் அருகில் அந்த உணரி எளிதில் தடுமாறும். அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் ஊருக்கான மூன்று எண்கள்

கைக்கருவி கேட்கும் விவரங்கள் இவை:

• அட்சரேகை: வடக்கு 5 பாகை 24 கலை
• தீர்க்கரேகை: கிழக்கு 100 பாகை 18 கலை
• நேர மண்டலம்: கூட்டல் 8

ஜார்ஜ்டவுன் பகுதி முழுவதற்கும் இந்த எண்கள் போதும். தெருவுக்குத் தெரு மாற்ற வேண்டியதில்லை. கிழக்கு என்பதற்குப் பதில் மேற்கு என்று இருந்தால் கருவி பூமியின் மறுபக்க வானத்தைக் கணக்கிடத் தொடங்கிவிடும். புதிய கருவியில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நேரத்தில் கூடுதல் கவனம் தேவை. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1982 ஜனவரி 1ஆம் தேதிதான் கிரீன்விச் நேரத்துக்கு 8 மணி முன்னதாக மாற்றப்பட்டது. அதற்கு முன் ஏழரை மணி நேர வித்தியாசம் இருந்தது. பழைய மென்பொருளில் 7:30 என்று இருந்தால் மாற்றிவிடுங்கள். 'கோடைக்கால நேரம் உண்டா' என்ற கேள்விக்கு எப்போதும் 'இல்லை' என்பதே நம் பதில்.

ஏன் இவ்வளவு கறார்? வானம் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்வதுபோல் தெரிகிறது. அதாவது 4 நிமிடத்துக்கு ஒரு பாகை. கடிகாரம் இரண்டே நிமிடம் பிசகினால் முழு நிலவின் அகலம் அளவுக்குக் கணக்கு விலகும். கோடைக்கால நேரத்துக்கு 'ஆம்' என்று அழுத்திவிட்டால் பிழை 15 பாகை.

தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. பல கைக்கருவிகள் மாதத்தை முதலிலும் நாளைப் பிறகும் கேட்கும். ஏப்ரல் 3ஆம் தேதியை நம் வழக்கப்படி 03, 04 என்று அடித்தால் கருவி அதை மார்ச் 4 என்று படித்துக்கொள்ளும்.

துருவ நட்சத்திரம் நமக்கு உதவாது

பல கையேடுகள் முதலில் துருவ நட்சத்திரத்தைத் தேடச் சொல்கின்றன. ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். லண்டனில் அது 51 பாகை உயரத்தில் நிற்கும். பினாங்கில் வெறும் 5 பாகை. அந்த உயரத்தில் வரும் ஒளி, தலைக்கு நேர் மேலிருந்து வருவதைப்போல் சுமார் 10 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. போதாக்குறைக்குக் கட்டடமும் புகைமூட்டமும். எனவே அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். துருவத்தை நோக்கிச் சாய்த்து நிறுத்தும் தாங்கிகளிலும் சில 5 பாகை வரை தாழ்வதில்லை. நம் ஊர்த் தொடக்கநிலையாளருக்கு மேலும் கீழும் இடமும் வலமும் அசையும் எளிய தாங்கியே வசதி.

இந்த அட்சரேகையால் லாபமும் உண்டு. மே மாத நடுவில் இரவு 10 மணியளவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தையும் தெற்கே தென்சிலுவையையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். தமிழ்நாட்டின் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்கும் இதே வகை அனுகூலம் உண்டு. அது சுமார் 12.5 பாகை வடக்கில் இருப்பதால், 1986இல் அங்கு நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியால் தென்வானத்தின் பெரும்பகுதியையும் எட்ட முடிகிறது.

பகலில் முடிக்க வேண்டிய வேலை

தொலைநோக்கியின் குழாயும், அதன் மேல் உள்ள சிவப்புப் புள்ளி ஃபைண்டரும் (அல்லது கைப்பேசிக் கேமராவும்) ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். இதைப் பகல் வெளிச்சத்தில் செய்வது சுலபம்.

1. குறைந்த உருப்பெருக்கம் தரும் 25 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள்.
2. தூரத்தில் அசையாமல் நிற்கும் ஒன்றைப் பிடியுங்கள். கொம்தார் கோபுரத்தின் உச்சியோ, ஜெலுத்தோங் கரையிலிருந்து தெரியும் பினாங்குப் பாலத்தின் தூணோ போதும். பக்கத்து வீட்டு ஏரியல் கூடாது. அவ்வளவு அருகில் இருக்கும் பொருளைக் கொண்டு சரிசெய்தால் இரவில் பிழை வரும்.
3. அதை ஐபீஸின் நடுவுக்குக் கொண்டுவந்து, தொலைநோக்கியை அசைக்காமல் ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பிப் புள்ளியை அதே இடத்தில் நிறுத்துங்கள். கைப்பேசி வகையில், திரையில் தெரியும் படத்தில் அதே உச்சியைத் தொட்டுக் காட்ட வேண்டும்.

எச்சரிக்கை: பகலில் தொலைநோக்கியைச் சூரியன் இருக்கும் திசைப்பக்கமே திருப்பாதீர்கள். வில்லை வழியே குவியும் சூரிய ஒளி ஒரு நொடியில் கண்ணைப் பறித்துவிடும். முன்பக்கத்தை முழுமையாக மூடும் முறையான சூரிய வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் தனியாக விடவும் கூடாது.

இரவில், படிப்படியாக

1. கெட்டியான தரையில் வைத்து, நீர்மட்டம் பார்த்துத் தாங்கியைச் சமமாக்குங்கள்.
2. முழு மின்சக்தி இருக்கிறதா என்று பாருங்கள்.
3. இடம், நேரம், தேதியைச் சரிபாருங்கள். நேரத்தைக் கைப்பேசியைப் பார்த்து நிமிடம் பிசகாமல் அடியுங்கள்.
4. 'அலைன்மென்ட்' செய்யுங்கள். கருவி கேட்கும் நட்சத்திரத்தை முதலில் ஃபைண்டரிலும் பிறகு ஐபீஸிலும் நடுவுக்குக் கொண்டுவந்து உறுதிசெய்யுங்கள்.
5. மோட்டார் வகையில் கடைசி நகர்வை மேல், வலது பொத்தான்களால் மட்டும் முடிக்கும்படி நெக்ஸ்டார், சின்ஸ்கேன் கையேடுகள் சொல்கின்றன. பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தளர்வு இதனால் ஒரே பக்கமாக அடங்கும்.
6. முடிந்ததும், அலைன்மென்ட்டுக்குப் பயன்படுத்தாத பிரகாசமான மூன்றாம் நட்சத்திரம் ஒன்றுக்குப் போகச் சொல்லிச் சோதியுங்கள்.

எதற்கு இரண்டு நட்சத்திரம் என்று சிலர் கேட்பதுண்டு. ஒரே ஆணியில் மாட்டிய படம் ஒரு பக்கமாகச் சாயலாம். இரண்டாவது ஆணி அடித்தால்தான் நிலைக்கும். அந்த இரண்டு ஆணிகளும் அருகருகே இருந்தாலும் பயன் குறைவு. ஏறக்குறைய 45 முதல் 100 பாகை வரை தள்ளியிருக்கும் இரு நட்சத்திரங்கள் நல்லவை. கையை முழுதாக நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய 20 பாகை. மிகத் தாழ்வாக இருப்பதையும் தலைக்கு நேர் மேலே இருப்பதையும் தவிர்க்கவும்.

எந்த மாதம் எந்த நட்சத்திரம்?

கைக்கருவிப் பட்டியலில் உள்ள பெயர்கள் பலருக்கு அந்நியமாகத் தோன்றும். அவற்றில் பல நம் பஞ்சாங்கத்தில் தினமும் படிக்கும் நட்சத்திரங்கள்தான். ஆல்டெபரான் ரோகிணி. ரெகுலஸ் மகம். ஸ்பைகா சித்திரை. ஆர்க்டூரஸ் சுவாதி. அன்டாரெஸ் கேட்டை. அல்டெர் திருவோணம். வேகா அபிஜித். கனோபஸ் அகத்தியர்.

பினாங்கில் மாத நடுவில் இரவு 9 மணிக்கு வசதியான உயரத்தில் இருக்கும் இணைகள்:

• ஜனவரி முதல் மார்ச் வரை: சிரியஸ், கேபெல்லா
• ஏப்ரல்: சிரியஸ், சித்திரை
• மே, ஜூன்: மகம், சுவாதி
• ஜூலை முதல் செப்டம்பர் வரை: கேட்டை, அபிஜித்
• அக்டோபர், நவம்பர்: திருவோணம், ஃபோமல்ஹாட்
• டிசம்பர்: ஃபோமல்ஹாட், ரோகிணி

வியாழன், வெள்ளி, செவ்வாய், சனி ஆகிய கிரகங்களைத் தவறுதலாக நட்சத்திரம் என்று உறுதிசெய்துவிடுவது அடிக்கடி நடக்கும். மின்னாமல் நிலையாக ஒளிர்ந்தால் அது கிரகமாக இருக்கலாம். கைப்பேசியில் ஒரு வான்வரைபடச் செயலியைத் திறந்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிழை எப்படி வருகிறது என்று பாருங்கள்

கருவி குறி தவறினால் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். மூன்று நான்கு பொருள்களுக்குத் திருப்பிப் பார்த்து, பிழை எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். கோளாறு எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும்.

எங்கே திருப்பினாலும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகல்: கைப்பேசி வகையில் கேமராவும் குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. பகல்நேரச் சரிசெய்தலை மீண்டும் செய்யுங்கள். கைப்பேசியைத் தாங்கியிலிருந்து எடுத்து வைத்தாலும் இது தேவைப்படும்.

ஒரு பக்கம் சரி, தள்ளிப் போகப் போகப் பிழை பெருகுகிறது: அலைன்மென்ட்டில் ஒரு நட்சத்திரத்தை மாற்றி அடையாளம் காட்டியிருக்கலாம். புதிதாகப் பொருத்திய புஷ்-டூ கருவியானால் என்கோடரின் படி எண்ணிக்கையோ சுழற்சித் திசையோ அமைப்பில் தவறாக இருக்கலாம். இடப்பக்கம் தள்ளும்போது திரையில் எண் குறைவதற்குப் பதில் கூடினால் திசைதான் காரணம்.

நட்சத்திரங்கள் சரி, நிலவும் கிரகங்களும் மட்டும் தவறு: தேதியைப் பாருங்கள். நிலவு ஒரு நாளைக்குச் சுமார் 13 பாகை நகர்ந்துவிடும்.

முதல் நட்சத்திரத்துக்கே வேறு திசையில் போகிறது, அல்லது அலைன்மென்ட் தோல்வி என்று வருகிறது: நேர மண்டலம், கோடைக்கால நேரம், கிழக்கு–மேற்கு, தேதி வரிசை. நான்கையும் இந்த வரிசையில் சரிபாருங்கள்.

சிறிது நேரம் சரியாக இருந்து, திடீரென்று விலகுகிறது: தாங்கியில் யாராவது இடித்திருக்கலாம். அச்சின் பிடி தளர்ந்து வழுக்கியிருக்கலாம். என்கோடரைப் பிடித்திருக்கும் சிறு திருகு தளர்ந்திருந்தாலும் இப்படியே நடக்கும்.

நிலையில்லாமல் கண்டபடி திரும்புகிறது, திரை மங்குகிறது: பேட்டரி. மோட்டார் ஓடும்போது சிறிய பேட்டரிகள் விரைவில் தீர்ந்துவிடும். கையேட்டில் சொன்ன 12 வோல்ட் மின்கலத்தைப் பயன்படுத்துங்கள். நேர்–எதிர் முனை மாறினால் கருவி எரிந்துபோகலாம். செருகும் முன் பாருங்கள்.

கைப்பேசிச் செயலி வானத்தை அடையாளம் காணவில்லை: கேமராவுக்கும் இருப்பிடத்துக்கும் அனுமதி கொடுத்தீர்களா? கைப்பேசியின் உறை தாங்கிக் கண்ணாடியை மறைக்கிறதா? கண்ணாடியில் பனி படிந்திருக்கிறதா? மேகம், நிலவு, தெருவிளக்கு ஆகியவற்றிலிருந்து விலகி வேறு பகுதிக்குத் திருப்பி, சில நொடிகள் அசையாமல் விடுங்கள். உங்கள் கைப்பேசி மாதிரி செயலியின் ஆதரவுப் பட்டியலில் உள்ளதா என்பதை வாங்கும் முன்பே பார்ப்பது நல்லது.

பொருள் தெரிகிறது, ஆனால் நழுவிக்கொண்டே போகிறது: புஷ்-டூ, கைப்பேசி வகைகளில் இது கோளாறு அல்ல. பூமி சுழல்கிறது. ஒரு பாகை அகலக் காட்சியை ஒரு நட்சத்திரம் சுமார் 4 நிமிடத்தில் கடந்துவிடும். கையால் மெல்லத் தள்ளித் தொடருங்கள்.

கருவி சரி, ஐபீஸ் மட்டும் காலி: உருப்பெருக்கத்தைக் குறையுங்கள். 1,200 மி.மீ. குவியத் தூரம் கொண்ட தொலைநோக்கியில் 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு பெரிதாக்கும், 10 மி.மீ. ஐபீஸ் 120 மடங்கு. இரண்டாவதில் தெரியும் வானப்பரப்பு மிகச் சிறியது. பெரிய வட்டத்தில் பிடித்த பிறகே சிறிய வட்டத்துக்குப் போக வேண்டும்.

இரண்டு சுங்கை பினாங், இரண்டு வானம்

சில வேளைகளில் கருவி மிகச் சரியாகக் குறிபார்த்திருக்கும். நகர வெளிச்சம் அந்தப் பொருளை மறைத்திருக்கும். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சோதியுங்கள். அது நடுவில் வந்தால் கருவியின் மேல் குறையில்லை. மங்கலான விண்மீன் மண்டலங்களை ஜார்ஜ்டவுன் நடுவிலிருந்து தேடிப் பிள்ளைகளைச் சலிப்படையச் செய்ய வேண்டாம். நிலவு, சனியின் வளையம், வியாழனின் துணைக்கோள்கள், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், ஓரியன் நெபுலா ஆகியவை நகரத்திலிருந்தும் நன்றாகத் தெரியும்.

அடுக்குமாடி வீட்டுப் பலகணியில் வானத்தின் ஒரு பக்கம்தான் தெரியும். தள்ளியிருக்கும் இரு நட்சத்திரங்கள் கிடைப்பது கடினம். நெக்ஸ்டார் கருவியில் ஒரே நட்சத்திரத்தைக் கொண்டோ, ஒரு கிரகத்தையோ நிலவையோ கொண்டோ அலைன்மென்ட் செய்யும் வசதி உண்டு. துல்லியம் குறையும், ஆனால் அந்தப் பக்கத்து வானத்துக்குப் போதும். கைப்பேசிக் கேமரா வகைக்கு இந்தச் சிக்கல் குறைவு. தெரியும் பகுதியை மட்டும் வைத்தே அது கணக்கிடும்.

மங்கலானவற்றைப் பார்க்க ஆசை இருந்தால், தீவின் மேற்குப் பக்கம் போகலாம். பாலிக் பூலாவ் பகுதியிலும் சுங்கை பினாங் என்ற பெயரில் ஒரு கிராமம் இருக்கிறது. பெயர் ஒன்றுதான், வானம் வேறு. இடையே நிற்கும் மலைத்தொடர் நகர வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் தடுத்துவிடுகிறது.

அதற்கு அருகில், பந்தாய் ஆச்சேயில்தான் ஷேக் தாஹிர் வானியல் மையம் இருக்கிறது. பினாங்கில் வாழ்ந்த வானியல் அறிஞர் ஷேக் தாஹிர் ஜலாலுடினின் பெயரைத் தாங்கிய அந்த மையம், பிறை பார்க்கும் இடங்களில் ஒன்று. சூரியன் மறைந்த சிறிது நேரத்தில், வெளிச்சம் அடங்காத அடிவானத்தில், கண்ணுக்கு எட்டாத மெல்லிய பிறையைத் தேடுவது எளிதான வேலையல்ல. எங்கே பார்க்க வேண்டும் என்ற கணக்கு முன்கூட்டியே சரியாக இருந்தால்தான் அது கிடைக்கும். நோன்பும் பெருநாளும் அந்தப் பிறையைச் சார்ந்திருப்பதால், இடமும் நேரமும் துல்லியமாக இருக்க வேண்டியதன் அருமை அங்கே பணிபுரிவோருக்கு நன்றாகத் தெரியும்.

பார்த்து முடிந்த பிறகு

நம் ஊரின் ஈரக்காற்று வில்லைக்கு எதிரி. பனி படிந்த கருவியை அப்படியே மூடிப் பெட்டியில் வைத்தால் வில்லையில் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்குள் உலரவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிவையுங்கள். வில்லையைச் சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்.

பினாங்கில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் பழகுவதற்கு ஏற்றவை. முதல் இரவில் நிலவு, ஒரு கிரகம், ஒரு பிரகாசமான நட்சத்திரம் என மூன்றை மட்டும் குறிவையுங்கள். உங்கள் கருவிக்குச் சரியாக அமைந்த இட, நேர விவரங்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டால், அடுத்த முறை பிள்ளைகளே அலைன்மென்ட்டைச் செய்துவிடுவார்கள்.